காலையில் வரி, மதியம் மானியம்

பொன்னுமணி வீட்டுக்குக் கூரை கிடையாது என்பது எங்கள் தெருவில் காக்காய்க்குக்கூடத் தெரியும். அலுவலகத்துக்கும் தெரியும். என்ன, மதியத்துக்கு மேல்தான் தெரியும். காலையில் தெரியாது.

புரியும்படி சொல்கிறேன். பொன்னுமணி எங்கள் எதிர்வீடு. ஜீப்பு ஓட்டுகிறவன். விடியுமுன்னே போடியில் ஆள் ஏற்றிப்போய் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவான். போடிமெட்டு வளைவுகளில் பனி மூடிக் கிடந்தாலும் ஹாரன் சத்தத்தை வைத்தே வண்டியை இறக்கிவிடுவான். சீல் வைத்த காகிதத்தைக் கண்டால் மட்டும் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி, வியாபாரிகளிடம் மூட்டை வாங்கி வந்து வீட்டில் வைத்து ஏலக்காய் பிரிக்கிறவள். பெரிய காய் ஒரு முறத்தில், சின்னது ஒரு முறத்தில், வெடித்தது ஒரு முறத்தில். எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு இதுதான் சோலி. கண் டிவியில் இருக்கும், கை முறத்தில் இருக்கும். வெளியூர்க்காரர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி, "யார் வீட்டில் பாயசம்?" என்பார்கள். பாயசமும் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள் மூச்சு விடுவதே அப்படித்தான்.

இவர்கள் இரண்டு பேரும் 'என் தலைமேல் என் கூரை' என்ற திட்டத்தில் வீடு கட்டிக்கொள்ள மானியம் கேட்டார்கள். கிடைத்தது. முதல் நிபந்தனை, இருந்த தகரக் கொட்டகையைப் பிரித்துப் போட வேண்டும். வீடு இருப்பவருக்கு வீடு கிடையாது அல்லவா? பிரித்தார்கள். வெறும் மனையில் இருவரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அஸ்திவாரத்துக்கு ஒரு போட்டோ, சுவர் எழும்பியதும் ஒரு போட்டோ. பயனாளி ஒரே ஆளாகத் தெரிய வேண்டும் என்று யாரோ சொன்னதை முத்துப்பேச்சி அப்படியே எடுத்துக்கொண்டு, எல்லாப் போட்டோவிலும் அதே கல்யாணச் சேலையில் நின்றாள். சுவர் வரைக்கும் பணம் வந்தது. கூரைக்கான தவணைதான் பாக்கி.

கொத்தனார் சோணை கம்பி கட்டி, பலகை அடித்துத் தயாராக நின்றார். சுவர்களுக்கு நடுவே நீலத் தார்ப்பாயைக் கட்டி, அதற்கடியில் இவர்கள் குடியிருந்தார்கள். குரங்கணி மலைப் பக்கம் மேகம் இறங்க ஆரம்பித்துவிட்டது. மழை வந்தால் பாத்திரம் பண்டம் மட்டுமா நனையும்? வியாபாரியின் மூட்டையும் நனையும். அப்புறம் முத்துப்பேச்சியிடம் எவன் காய் கொடுப்பான்?

இந்த நேரத்தில்தான் சூர்யபிரகாஷ் சார் தெருவுக்குள் வந்தார்.

இளவயது. சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையாது. எங்கள் பகுதிக்கான 'வரி மற்றும் வாழ்விட ஒருங்கிணைப்பு அலுவலகத்தில்' வரிப் பிரிவு அதிகாரி அவர்தான். மானியப் பிரிவு அதிகாரி மாறுதலில் போய்விட்டதால் அந்த நாற்காலியும் கூடுதல் பொறுப்பாக அவருக்கே வந்துவிட்டது. காலையில் வரி, மதியம் மானியம். அன்றைக்கு அவர் வந்தது காலை. அளக்கிற டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அலுவலக உதவியாளர் ஜக்கம்மாள் கூட வந்தாள்.

"இது என்னம்மா?" என்றார்.

"வீடு சார்," என்றாள் முத்துப்பேச்சி, முறத்திலிருந்து கையை எடுக்காமல்.

"கூரை எங்க?"

"அதுக்குத்தான சார் உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம்."

"என்கிட்ட இல்லம்மா. அது மானியப் பிரிவு. நான் வரி." பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்று, மூக்கை நாலு திசையிலும் திருப்பினார். "சரக்கு வாசனை அடிக்குதே?"

"ஏலக்காய் வேற எப்படி சார் அடிக்கும்?"

சூர்யபிரகாஷ் சார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆளு பொய் சொல்லும், ரசீது பொய் சொல்லும். வாசனை பொய் சொல்லாதும்மா. எங்கே வாசனையோ, அங்கே வணிகம்!" என்று சொல்லி, சொன்னது தமக்கே பிடித்துப்போனதால் ஜக்கம்மாளிடம் திரும்பி, "எழுதிக்க" என்றார். பொன்னுமணி வீடு அந்த நிமிடத்தில் வணிகக் கட்டடம் ஆனது. உள்பிரிவு, குடோன். வரி பல மடங்கு.

சாட்சிக்குக் கொஞ்சம் காய் வேண்டும் என்றார். முத்துப்பேச்சி வெடித்த காயில் ஒரு பிடி அள்ளினாள். "சாட்சிக்கு அது சரிப்படாது," என்று அவரே குனிந்து பெரிய காய் முறத்திலிருந்து ஒரு கவர் நிறைய எடுத்துக்கொண்டார்.

பொன்னுமணி மறுநாள் ஜீப்பை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு அலுவலகம் போனான். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு சோலி இருந்தது, நானும் போனேன். என்ன சோலி என்று கேட்காதீர்கள், அங்கே போனபிறகுதான் யோசிக்க வேண்டியிருந்தது.

ஒரே அறை, ஒரே மேஜை. மேஜைக்குக் கிழக்கே ஒரு நாற்காலி, மேற்கே ஒரு நாற்காலி. நாங்கள் போனபோது இரண்டு மணி. ஜக்கம்மாள் மேஜைமேல் இருந்த பலகையைத் திருப்பி வைத்தாள். 'சொத்து வரி' போய் 'வீட்டு மானியம்' வந்தது. சூர்யபிரகாஷ் சார் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, மேற்கு நாற்காலியில் உட்கார்ந்து, அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க, வாங்க! ஏழைக்கு ஒரு கூரைன்னா எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். சொல்லுங்க, என்ன வேணும்?"

"கூரைத் தவணை சார்."

கோப்பைப் புரட்டினார். சிரிப்பு வடிந்தது. "அடடா. இது குடோன்னு இருக்கே. குடோனுக்கு எப்படி மானியம் குடுக்கிறது?"

"குடோன்னு யாரு சார் சொன்னது?"

"வரிப் பிரிவு அதிகாரி."

பொன்னுமணி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப அவரைப் பார்த்தான். "சார், அது நீங்கதான சார்? நேத்துக் காலைல வந்து மோந்து பாத்துட்டுப் போனீகளே?"

"தம்பி, ஆளைப் பாக்காதீங்க, நாற்காலியைப் பாருங்க. அந்தப் பிரிவு எடுத்த முடிவுல நான் தலையிட முடியாது. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே எழுத்து மூலமாத்தான். உங்களுக்காக ஒரு கடிதம் போடுறேன்."

போட்டார். கையெழுத்து, சீல் எல்லாம் ஆனது. ஜக்கம்மாள் கடிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்குப் பக்கத் தட்டில் வைத்தாள். "நாளைக் காலைல அவரு பாப்பாரு," என்றார் சூர்யபிரகாஷ் சார். "ஆனா ஒண்ணு, ஆளு கொஞ்சம் கறார்."

மறுநாள் காலை கிழக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்தவர் முகம் சிவந்துவிட்டது. "மானியப் பிரிவுக்கு மரியாதையே தெரியலயே! 'உடனே' மறுபரிசீலனை செய்யணுமாம். யாரைப் பாத்து 'உடனே'ங்கிறாரு?"

"சார், அது வீடு சார்," என்றான் பொன்னுமணி.

"கூரை இல்லாத எடத்துல மனுசன் குடியிருக்க முடியுமா?"

"முடியல சார். அதான் சார்."

"நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஆக, குடியிருப்பு இல்ல."

"குடோனுக்கும் கூரை வேணும்ல சார்?"

"எதுக்கு? சரக்கு வெயில்ல காயட்டுமே!"

அதற்கப்புறம் நடந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். மேற்கு நாற்காலி கிழக்குக்கு நினைவூட்டல் அனுப்பியது. கிழக்கு, மேற்கிடம் விளக்கம் கேட்டது. விளக்கம் திருப்தியாக இல்லை என்று பதில் போனது. சூர்யபிரகாஷ் சார் மதியத்தில் காலை அதிகாரியைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அதைக் காலையில் படித்துவிட்டு மனம் உடைந்து ஒருநாள் விடுப்பே எடுத்தார். ஜக்கம்மாள் மேஜையைச் சுற்றிச் சுற்றி இளைத்துப்போனாள். "ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதுக்கா," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "ஒருத்தருக்கு வாங்குன வடையை இன்னொருத்தரு தொட மாட்டாரு."

கடைசியில் மேலிடம் கூட்டு ஆய்வு செய்யச் சொன்னது. இரண்டு பிரிவு அதிகாரிகளும் சேர்ந்து நேரில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தெருவே கூடிவிட்டது. சூர்யபிரகாஷ் சார் ஜக்கம்மாளோடு அலுவலக ஜீப்பில் வந்து இறங்கினார். முத்துப்பேச்சி ஒரு டீ கொண்டுவந்தாள். "இன்னொருத்தருக்கு?" என்றார். இன்னொரு டீயும் வந்தது. இரண்டையும் குடித்தார்.

வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று, "இது குடோன்" என்றார். அந்தப் பக்கம் போய் நின்று, "இல்லை, வீடு என்று கருத இடமிருக்கிறது" என்றார். திரும்ப இந்தப் பக்கம் வந்தார். "விதியைப் படிச்சீங்களா?" அந்தப் பக்கம் போனார். "மனிதாபிமானம்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா?" போகப்போகச் சத்தம் கூடியது. சோணை கொத்தனார் நடுவில் புகுந்து, "விடுங்க சார், நம்மாளுதான சார்," என்று சமாதானம் பண்ணப் பார்த்தார். சூர்யபிரகாஷ் சார், "இந்த மனுசனோட இனி ஒரே ஜீப்பில் வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தே போய்விட்டார். ஜீப்பு காலியாகப் பின்னால் போனது.

அன்றைக்கு மலையிலிருந்து ஒரு தூறல் விழுந்தது. சும்மா மிரட்டல் தூறல்தான். தார்ப்பாய் நடுவில் குளம் கட்டியது. பொன்னுமணி கம்பால் முட்டித் தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "பேசாம ஜீப்புக்குள்ளயே குடியிருந்திருவமா புள்ள?" என்றான். "அதுக்கும் வரி போட்டு, அதையும் மோந்து பாப்பாரு," என்றாள் முத்துப்பேச்சி. சிரித்தாள். ஆனால் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

அடுத்த நாள் தூக்குவாளியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். எனக்கும் அங்கே ஒரு சோலி மிச்சம் இருந்தது. நாங்கள் போனபோது பகல் ஒரு மணி. பலகை மேஜைமேல் குப்புறக் கிடந்தது. சூர்யபிரகாஷ் சார் இரண்டு நாற்காலியிலும் இல்லை. ஜன்னலோரம் ஸ்டூலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இப்ப நீங்க யாரு சார்?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"இப்ப நான் யாருமில்லக்கா," என்றார். குரலே வேறாக இருந்தது. "சாப்பாட்டு நேரம்."

"அப்பச் சாப்பிடுங்க தம்பி."

குழம்பு மணம் பட்டதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் சிலமலை ரோட்டில் ஒரு வீடு வாங்கினாராம். "பத்திரம் பதியப் போனேன்க்கா. நான் குடுத்த விலை ஒண்ணு, அந்த ரோட்டுக்கு அரசாங்கம் எழுதி வச்சிருக்கிற மதிப்பு அதைவிடப் பெருசு. குடுக்காத விலைக்கும் சேத்துத் தீர்வை கட்டுனேன். வட்டியில சலுகை கேட்டேன், எனக்குச் சம்பளம் கூடன்னுட்டாங்க. பேங்க்ல கடன் கேட்டேன், சம்பளம் பத்தாதுன்னுட்டாங்க."

"அய்ய, பாவமே. இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கங்க. படுற பாடு தெரிஞ்ச மனுசன் நீங்க. எங்களுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுருங்களேன் தம்பி."

"இப்ப எனக்குக் கையெழுத்தே கிடையாதுக்கா. காலைல இருக்கிறவரு, 'வாசனை இருக்கிற கட்டடம் எல்லாம் வணிகக் கட்டடம்'னு பொது உத்தரவே போட்டுட்டாரு. உங்க தெருவுல வீட்டுக்கு வீடு சாட்சி எடுக்கப்போறாரு. இனி வரிப் பிரிவா அதை மாத்துனாத்தான் உண்டு."

"எல்லாக் கட்டடமுமா?"

"உத்தரவுன்னா உத்தரவுதான்க்கா. விதிவிலக்கே கிடையாது."

முத்துப்பேச்சி தூக்குவாளியை மூடினாள். சாட்சிக் கவர் வைத்திருந்த பீரோவைப் பார்த்தாள். அறையின் நீள அகலத்தைப் பார்த்தாள். அதற்குள் இரண்டு மணி. சூர்யபிரகாஷ் சார் வாயைத் துடைத்துக்கொண்டு மேற்கு நாற்காலிக்குப் போய், "யாரும்மா நீங்க? டோக்கன் வாங்குனீங்களா?" என்றார்.

மறுநாள் காலை எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் தலையில் சாக்கோடு அந்த அலுவலகத்தில் வரிசை கட்டினோம். நானும்தான். இந்த முறை உண்மையாகவே சோலி.

"என்ன இது?" என்றார் சூர்யபிரகாஷ் சார், கிழக்கு நாற்காலியிலிருந்து.

"சாட்சி சார்," என்றாள் முத்துப்பேச்சி. "நீங்க எதுக்கு வீடு வீடா அலையணும்? நாங்களே கொண்டாந்துட்டோம்."

"ஒரு கவர் போதுமேம்மா!"

"எங்க வீட்டு வாசனை ஒரு கவருக்குள்ள அடங்காது சார்."

எல்லாம் வெடித்த காய், தோல், தூசி, சருகு. ஆனால் வாசனைக்கு என்ன குறை? தாமாக வந்த சாட்சியை மறுக்க விதியில் இடமில்லை. ஒவ்வொரு சாக்குக்கும் ரசீது போட்டே அவருக்குக் கை வலித்தது. பீரோ நிறைந்தது. மேஜைக்கடியில் நிறைந்தது. இரண்டு நாற்காலிக்கும் நடுவே சாக்கு மலை எழும்ப, ஜக்கம்மாள் கடிதத்தை அதன்மேல் ஏறி இறங்கித்தான் கொண்டுபோனாள்.

மூன்றாந்தெரு வரைக்கும் மணத்தது. பஸ்சுக்குப் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். மலையிலிருந்து இறங்கிய ஒரு மலையாள வியாபாரி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, சாக்குக்குள் கையை விட்டு முகர்ந்து பார்த்து, "சாரே, கிலோக்கு எந்தா வில?" என்று கேட்டார்.

"இது அலுவலகம்யா!"

"ஓ, ஆயிக்கோட்டே," இருக்கட்டுமே என்பதுபோல் தலையை ஆட்டினார். "எந்தா வில?"

சரியாக அந்த நேரத்தில் தணிக்கைக்கு மேலிடத்து அம்மையார் வந்து இறங்கினார். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. என்னிடமும் யாரும் விசாரிக்கவில்லை. அம்மையார் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். வியாபாரியைப் பார்த்தார். சாக்கு மலையைப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"'எங்கே வாசனையோ, அங்கே வணிகம்.' இது நீங்க போட்ட பொது உத்தரவுதானே?"

"ஆமாம் மேடம்," என்றார் சூர்யபிரகாஷ் சார் பெருமையோடு.

"அருமையான உத்தரவு. இந்தக் குடோனுக்கு வணிக வரி கட்டியாச்சா?"

அறையில் ஏலக்காய் உருண்டால் கேட்கும்.

"மேடம், இது... அரசாங்க அலுவலகம்."

"வாசனை பொய் சொல்லாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? வரி போடுங்க. கட்டடப் பொறுப்பாளர் யாரோ, அவர் சம்பளத்துல பிடிங்க."

கட்டடப் பொறுப்பும் கூடுதல் பொறுப்பாக அவரிடம்தான் இருந்தது. அன்று காலை சூர்யபிரகாஷ் சார் தமக்குத் தாமே நோட்டீஸ் அனுப்பினார். மதியம் அதற்கு உருக்கமாக ஒரு பதில் எழுதினார். மறுநாள் காலை அந்தப் பதிலை நிராகரித்தார். ஆள் கறார் என்று அவரே சொல்லியிருந்தாரே. ஜக்கம்மாள் சாக்கு மலைமேல் உட்கார்ந்து, "ரெண்டு பேருல ஒருத்தரு விட்டுக்குடுங்களேன் சார்," என்று கெஞ்சினாள்.

சம்பளம் பிடிக்கும் நாள் நெருங்க நெருங்க, வரலாற்றில் முதன்முறையாக இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே கருத்தொற்றுமை ஏற்பட்டது. புது உத்தரவு வந்தது: 'இப்பகுதியில் ஏலக்காய் வாசனை என்பது காற்றின் இயல்பு. அது எந்தக் கட்டடத்தையும் குடோன் ஆக்காது. முந்தைய உத்தரவு, அது பிறந்த நாளிலிருந்தே ரத்து.' வரிப் பிரிவு பொன்னுமணி வீட்டை வீடு என்று ஒப்புக்கொண்டது. மானியப் பிரிவு, வரிப் பிரிவின் பெருந்தன்மையைப் பாராட்டிக் கடிதம் எழுதியது. கூரைத் தவணை வந்துவிட்டது.

"இன்னைக்கே போட்டுருவோம் அண்ணே, வெரசா வாங்க," என்று பொன்னுமணி சோணையைப் பிடித்து இழுத்தான். மலை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. தெருவே வரிசையாக நின்று சிமெண்டுச் சட்டியைக் கைமாற்றியது. மதியம் நான் திரும்பிப் பார்த்தால், எனக்கும் ஜக்கம்மாளுக்கும் நடுவே சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு மனிதர் நிற்கிறார். சூர்யபிரகாஷ் சார்! சட்டை முழுக்கச் சிமெண்டு. "சாப்பாட்டு நேரம்தானக்கா," என்று சிரித்தார். நன்றாகத்தான் சட்டி தூக்கினார். இரண்டு மணி ஆனதும் கையிலிருந்த சட்டியை அப்படியே என் கையில் திணித்துவிட்டு, போனை எடுத்து, "பயனாளிகள் முன்னால வாங்க, போட்டோ!" என்றார். முத்துப்பேச்சி ஓடிப்போய்க் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தியில் கொட்டியது பாருங்கள், மழை. சோணை புதுக் கூரைமேல் போர்த்திய தார்ப்பாயில் தண்ணீர் ஒரு பாட்டம் ஓடியது. கீழே பலகைக்கு அடியில், மூட்டைக்குப் பக்கத்தில், புருசனும் பெண்டாட்டியும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும், நான் என்ன செய்ய?

பலகை பிரித்து, கதவு மாட்டி, பால் காய்ச்சிய மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. சூர்யபிரகாஷ் சார். சட்டை மடிப்புக் கலையவில்லை. பக்கத்தில் ஜக்கம்மாள், டேப்போடு.

"கூரை வந்துருச்சு. வரியைத் திருத்தணும். அளக்கணும்."

முத்துப்பேச்சி வாசலில் நின்று கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப யாரு வந்திருக்கீக?"

"வரிப் பிரிவு."

"அப்பச் சுத்தி வெளியிலயே அளந்துக்கங்க சார்," என்று சொல்லி, அவள் புதுக் கதவைச் சாத்தப் போனாள். பாதி சாத்தியவள் தலையை மட்டும் நீட்டினாள்.

"ஒரு மணிக்கு யாருமில்லாதவரு ஒருத்தரு வருவாரு. அவரைப் பாத்தா, இந்த வீட்டுல சோறு இருக்குன்னு சொல்லுங்க."